ஒளியும் ஒலியும் தந்த சாமிக்கண்ணு வின்சென்ட்



சினிமா என்றதும் நடிகர்கள் பெயர் நமக்கு வரிசையாக ஞாபகம் வரும். டைரக்டர் பெயர் வரும், மியூசிக் டைரக்டர் பெயர் வரும். படத்தைத் திரையில் ஓட்டிக் காட்டிய ஒருத்தர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் திருதிருவென்று விழிப்போம். இத்தனைக்கும் ஓட்டிக் காட்ட ஆள் இல்லையென்றால் எவ்வளவு பெரிய படமும் பெட்டிக்குள்ளேதான் கிடக்கும். தமிழ்நாட்டில் அந்த வேலையைத் தொழிலாக எடுத்துச் செய்த முன்னோடி கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோவைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். நம் ஆரணிப் பக்கம் அவ்வளவாகத் தெரியாது.

அவரைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, அவரும் நம்மைப் போல டிராயிங் போர்டு முன்னால் உட்கார்ந்து தொடங்கியவர். இரண்டாவது, நம் லேபில் ஃபால்ட் கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறார்களே, அந்த முறையிலேயே அவர் தன் வாழ்க்கையை நடத்தியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

ரயில்வே சம்பளமும் ஒரு வெளிநாட்டுப் பெட்டியும்

சாமிக்கண்ணு வின்சென்ட் 1883ல் கோயமுத்தூரில் பிறந்தார். வளர்ந்து திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் 25 ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் அது நல்ல சம்பளம். ரயில்வே வேலை என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள்.

1905ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப் படம் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. ஊருக்குத் திரும்பிவிட நினைத்தார். புரொஜெக்டரையும் கையில் இருந்த படங்களையும் விற்றுவிடலாம் என்று ஆள் தேடினார். அப்போது வின்சென்ட்டுக்கு வயது 22. விலையோ 2,000 ரூபாய்க்கு மேல். 25 ரூபாய் சம்பளக்காரருக்கு அது கிட்டத்தட்ட ஏழு வருஷச் சம்பளம்! பணத்தைப் புரட்டி, அந்த மெஷினை வாங்கினார். ரயில்வே வேலையை விட்டார். கூடவே வந்த படங்களில் முக்கியமானது இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம்.

வீட்டில் யாரும் செய்யாத தொழில். கற்றுக்கொடுக்க வாத்தியார் இல்லை. பாடப் புத்தகம் கிடையாது. விற்ற வெள்ளைக்காரரும் ஊருக்குப் போய்விட்டார். மெஷின் நின்றால் யாரைக் கேட்பது? தானேதான் பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்திருக்கும் நம்மில் பல பேருக்கு இந்த நிலைமையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஊர் ஊராகக் கூடாரம்

வின்சென்ட் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். திருச்சியில் தொடங்கி, தமிழ்நாட்டைச் சுற்றி, வடக்கே லாகூர், பெஷாவர் வரைக்கும் போய் வந்தார். அவை இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கின்றன. அதே காலத்தில் கல்கத்தாவில் ஜாம்ஷெட்ஜி மதன் கூடாரம் போட்டுப் படம் காட்டிக்கொண்டிருந்தார். இந்தியாவில் எடுத்த முழுநீளக் கதைப் படமான ராஜா ஹரிச்சந்திரா வெளிவந்தது 1913ல்தான். ஆக, நம் நாட்டில் முழுநீளக் கதைப் படம் எடுக்கத் தொடங்கும் முன்பே படம் காட்டும் தொழில் ஊர் ஊராகப் போய்விட்டது.

இப்போது நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் கரண்ட் கிடையாது. வெளிச்சத்துக்கு என்ன செய்வது? சுண்ணாம்புக் கட்டியை வாயுச் சுடரில் வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சினால் பிரகாசமான ஒளி வரும். லைம்லைட் என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்துக் கூடாரக்காரர்களுக்குக் கை கொடுத்தது அதுதான். ஃபிலிமைக் கையால்தான் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள், மெதுவாகச் சுற்றினால் நொண்டுவார்கள். அன்றைய ஃபிலிம் நைட்ரேட் ஃபிலிம். பட்டென்று தீப்பிடிக்கும். சினிமா கொட்டகைகளுக்கு லைசென்சும் பாதுகாப்பு விதிகளும் வேண்டும் என்று 1918ல் அரசாங்கம் சட்டமே போட்டது.

1909ல் வின்சென்ட் சென்னைக்கு வந்து எஸ்பிளனேடில் கூடாரம் போட்டார். அதற்கு அவர் வைத்த பெயர் எடிசன் கிராண்ட் சினிமாமெகபோன். பெயரைக் கவனியுங்கள். சினிமாவோடு மெகபோனும் சேர்ந்திருக்கிறது. படம் மட்டும் போதாது, சத்தமும் வேண்டும் என்ற ஆசை அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது. கிராமபோன் தட்டைப் படத்தோடு சேர்த்து ஓட்டும் கருவிகள் அப்போதே வந்துவிட்டன. சென்னையில் ரகுபதி வெங்கையா தன் போட்டோ ஸ்டுடியோவை அடமானம் வைத்துக் குரோனோமெகபோன் என்ற அப்படிப்பட்ட கருவியை வாங்கி, 1910ல் விக்டோரியா பப்ளிக் ஹாலில் காட்டினார்.

ஆனால் படம் ஒரு மெஷினில், பாட்டு இன்னொரு மெஷினில். இரண்டும் சேர்ந்து ஓடும் வரைக்கும் அற்புதம். ஒன்று முந்தினால், ஒன்று பிந்தினால் கூத்துதான். இந்தச் சிக்கலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷம் கழித்தும் அது தியேட்டரை விட்டுப் போகவில்லை.

ஒவ்வொரு படியாகப் பின்னால் போனார்

நான் சொன்ன ஃபால்ட் கண்டுபிடிக்கும் முறை இங்கேதான் வருகிறது. எங்கள் வீட்டில் பட்டுத் தறி உண்டு. பார்டரில் பூ தப்பினால் அப்பா சேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டார். இழையைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பின்னால் போவார். முதலில் பாவு இழை, பிறகு அதைத் தூக்கும் கயிறு, பிறகு ஜக்கார்டு பெட்டியில் இருக்கும் கொக்கி, கடைசியில் அட்டையில் உள்ள ஓட்டை. கோளாறு தெரியும் இடம் வேறு, கோளாறு பிறக்கும் இடம் வேறு. லேபில் இதையே சிக்னல் டிரேசிங் என்று சொல்லித் தருகிறார்கள்.

வின்சென்ட் தொழிலை இப்படித்தான் நடத்தினார். படம் காட்டினார். புரொஜெக்டருக்கு வெளிநாட்டுக்காரரை நம்பி இருக்க வேண்டியிருந்தது. அதனால் ஒரு படி பின்னால் போய், பிரான்சின் பாத்தே கம்பெனி புரொஜெக்டர்களுக்கு அவரே ஏஜெண்ட் ஆனார். அவரிடம் மெஷின் வாங்கிப் பலரும் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். கூடாரம் காற்றுக்கும் மழைக்கும் தாங்காது. அடுத்த படியாக, 1914 வாக்கில் கோயமுத்தூரில் நிரந்தரக் கொட்டகை கட்டினார். அதுதான் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவில் இந்தியர்கள் கட்டிய முதல் சில திரையரங்குகளில் அது ஒன்று.

கொட்டகை வந்தது, கரண்ட் இல்லை. பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது 1930களின் தொடக்கத்தில்தான். அதுவரை காத்திருக்க முடியுமா? மின்சாரம் தயாரிக்கும் இயந்திரத்தை அவரே வைத்துக்கொண்டார். கரண்ட் கைக்கு வந்ததும் அதைச் சும்மா விடவில்லை. மின்சாரத்தில் ஓடும் அச்சகம் வைத்தார். எலெக்ட்ரிக் பிரிண்டிங் ஒர்க்ஸ் என்று பெயர். மின்சாரத்தில் ஓடும் மாவு மில்லும் வைத்தார். சினிமாக் கொட்டகைக்கு நோட்டீசும் டிக்கெட்டும் வேண்டாமா? அதற்கு வெளியே போகத் தேவையில்லாமல் போனது.

பார்த்தீர்களா? எந்த இடத்தில் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்ததோ, அந்த இடத்துக்குப் போய் அதைக் கற்றுக்கொண்டார். திரைக்கு முன்னால் நின்று புலம்பவில்லை. திரையிலிருந்து மெஷினுக்கு, மெஷினிலிருந்து கரண்டுக்கு என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தார்.

பேசும் படம் வந்தது

1931 மார்ச்சில் பம்பாயில் ஆலம் ஆரா வெளிவந்தது. அதே வருஷம் அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் காளிதாஸ் வந்தது. ஊமைப் படம் ஓட்டிய கொட்டகைகளுக்கெல்லாம் ஒரே நாளில் புதிய பாடம் தொடங்கியது மாதிரி ஆகிவிட்டது.

இதில் டெக்னிகல் விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1927ல் வந்த தி ஜாஸ் சிங்கர் படத்தின் சத்தம் பெரிய கிராமபோன் தட்டில் இருந்தது. ஊசி தாவினால் போச்சு. ஃபிலிம் அறுந்து இரண்டு ஃபிரேம் வெட்டி ஒட்டினாலும் போச்சு, வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். அதனால் சத்தத்தை ஃபிலிமிலேயே பதிக்கும் முறை நிலைத்தது. படத்துக்குப் பக்கத்தில் ஒல்லியாக ஒரு ஒலிப் பட்டை. அதன் வழியாக ஒரு சின்ன விளக்கின் வெளிச்சம் போகும். பட்டைக்குத் தக்கபடி வெளிச்சம் கூடும், குறையும். அதை ஃபோட்டோசெல் மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும். கையால் சுற்றும் காலமும் அதோடு முடிந்தது. வினாடிக்கு 24 ஃபிரேம் என்று மோட்டார் ஒரே சீராக ஓட வேண்டும். இல்லாவிட்டால் பாடகரின் குரலே மாறிவிடும்.

படம் விழும் இடத்துக்குக் கீழேதான் ஒலி படிக்கும் இடம். அதனால் ஒரு காட்சிக்கான சத்தம், ஃபிலிமில் அந்தக் காட்சிக்கு 20 ஃபிரேம் முன்னால் பதிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் விடும் ஃபிலிம் வளையத்தை ஆபரேட்டர் அளவு தப்பிப் போட்டால், உதடு அசைந்த பிறகு வசனம் வரும். ஆபரேட்டர் கையில் அவ்வளவு இருந்தது.

வின்சென்ட் பின்வாங்கவில்லை. அவருடைய கொட்டகை வெரைட்டி ஹால் டாக்கீஸ் ஆனது. தமிழில் பேசும் படம் போதுமான அளவு கிடைக்காத காலம். என்ன செய்தார்? வழக்கம் போல இன்னும் ஒரு படி பின்னால் போனார். கல்கத்தா பயோனீர் கம்பெனியோடு சேர்ந்து 1933ல் வள்ளி திருமணம் படத்தை எடுத்தார். பி.வி. ராவ் டைரக்ஷன். காளிதாஸ் நாயகி டி.பி. ராஜலட்சுமிதான் வள்ளி. படம் சக்கைப் போடு போட்டது. பிறகு கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோ தொடங்கியதிலும் அவருக்குப் பங்கு உண்டு. தமிழ்ப் படம் எடுக்க கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயில் ஏறிய காலத்தில், நம் மாநிலத்துக்குள்ளேயே ஸ்டுடியோ வந்தது சாதாரண விஷயமில்லை.

1942ல் வின்சென்ட் காலமானார். வெரைட்டி ஹால் பிற்காலத்தில் டிலைட் என்ற பெயரில் ஓடியது. கொட்டகையின் பழைய பெயரைக் கோவையில் வெரைட்டி ஹால் ரோடு சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒலி மாறும் இடம்

வின்சென்ட் காலத்துச் சிக்கல் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 1990களில் டிஜிட்டல் ஒலி வந்தபோது அதே கதை திரும்ப வந்தது. டால்பி டிஜிட்டலில் ஃபிலிமின் ஓட்டைகளுக்கு நடுவே கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக ஒலி பதிந்திருக்கும். நம் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை உண்டு, இல்லை என்பது மாதிரிதான். ஒரு ஃபிரேமுக்கு நான்கு ஓட்டை, ஆக வினாடிக்கு 96 கட்டம் படிக்க வேண்டும். 1993ல் ஜுராசிக் பார்க் படத்தோடு வந்த டி.டி.எஸ். முறையில் ஒலி தனியாகத் தட்டில் இருக்கும், ஃபிலிமில் நேரக் குறியீடு மட்டும் இருக்கும். படம் ஒரு இடம், சத்தம் ஒரு இடம். 1909ல் கூடாரத்தின் பெயரில் இருந்த ஆசையும் சிக்கலும் அப்படியே திரும்பின. ஒரு வித்தியாசம், இப்போது தட்டை நேரக் குறியீடு கட்டி இழுத்து வரும். ஃபிலிம் அறுந்து ஒட்டினாலும் சத்தம் தானாகச் சரியான இடத்துக்கு வந்துவிடும்.

எதற்கும் இருக்கட்டும் என்று பழைய ஒலிப் பட்டையையும் அதே ஃபிலிமில் வைத்திருந்தார்கள். தூசியோ கீறலோ வந்து டிஜிட்டல் படிக்க முடியாமல் போனால், மெஷின் தானாகப் பழைய பட்டைக்கு மாறும். ஜனங்களுக்குப் பின்பக்க ஸ்பீக்கர் அடங்கி, சத்தம் சப்பென்று ஆன மாதிரி தெரியும். மறுபடி டிஜிட்டலுக்கு வரும், மறுபடி போகும். ஸ்பீக்கர் போச்சு என்று கத்துவார்கள். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கும். படிக்கும் லென்சில் தூசி, தேய்ந்துபோன ரோலர், மங்கிய விளக்கு, மாற்றிப் போட்ட தட்டு என்று கோளாறு பின்னால் எங்காவது இருக்கும். இரண்டு வழியின் சத்தத்தையும் ஒரே அளவில் வைத்திருந்தால் மாறுவதே பெரிதாகத் தெரியாது. அதுவும் ஆபரேட்டர் கையில்தான்.

இப்போது ஃபிலிமே போய்விட்டது. படமும் ஒலியும் ஃபைலாக சர்வருக்குள் இருக்கின்றன. டி.டி.எஸ்ஸை இந்தியாவுக்குக் கொண்டுவந்த சென்னை ரியல் இமேஜ் கம்பெனியே பிறகு கியூப் டிஜிட்டல் சினிமாவையும் கொண்டுவந்தது. ஆனாலும் கோளாறு போகவில்லை.

லீவில் நான் ஒரு தியேட்டர் கேபினில் உதவிக்குப் போயிருந்தேன். ஒரு நாள் இடைவேளை முடிந்து படம் தொடங்கியதும் சத்தம் சுருங்கிப் போனது. பின்பக்கம் ஒன்றும் இல்லை, பாஸ் இல்லை. ஆம்ப்ளிஃபயரை மாற்றலாம் என்று ஒருத்தர் சொன்னார். ஆபரேட்டர் அண்ணன் பதறவில்லை. சவுண்ட் பிராசஸரில் எந்தப் பட்டன் எரிகிறது என்று பார்த்தார். விளம்பரத்துக்கு வைக்கும் இரண்டு சேனல் பட்டன் எரிந்தது. கையாலேயே 5.1 பட்டனை அழுத்தினார். ஹால் முழுக்கச் சத்தம் திரும்பி வந்தது. அப்படியென்றால் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், அங்கே போகும் வயர் எல்லாம் சரி. கோளாறு அதற்குப் பின்னால். ஆட்டம் முடிந்ததும் சர்வரின் பிளேலிஸ்டைத் திறந்தார். இடைவேளை விளம்பரத்துக்குப் பிறகு ஒலியைப் படத்துக்கு மாற்றச் சொல்லும் கட்டளை அதில் இல்லை. சேர்த்தார், அடுத்த ஆட்டத்தில் சரியாக ஓடியது. ஒரு ஸ்குரூ கூடக் கழற்றவில்லை. ஒரே பட்டனில் பாதி வழியைச் சந்தேகத்திலிருந்து நீக்கிவிட்டார்!

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நண்பர்களே, இதில் நமக்கு ஒரு கவலையும் இருக்கிறது, ஒரு தைரியமும் இருக்கிறது. ஃபிலிம் போனபோது ரீல் மாற்றத் தெரிந்த எத்தனையோ ஆபரேட்டர்களின் கைத்தொழில் மதிப்பிழந்தது. இப்போது பிளே பட்டனை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். நேரம் குறித்து வைத்தால் மெஷினே அழுத்திக்கொள்ளும். அந்த வேலைக்கு டிப்ளமோ எதற்கு? நெசவிலும் இதுதான், எலெக்ட்ரானிக்ஸிலும் இதுதான். மெஷின் மாறும்போது மெஷினை ஓட்ட மட்டும் தெரிந்தவர் வெளியே நிற்கிறார். இழை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்கு எந்த மெஷினிலும் இடம் இருக்கிறது. அந்த ஆபரேட்டர் அண்ணன் ஃபிலிம் காலத்து ஆள்தான். கேபினில் மெஷின் மாறியது, தேடும் முறை அவரிடம் மாறாமல் இருந்தது.

சாமிக்கண்ணு வின்சென்ட் போல எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கடன் வாங்கித் தொழில் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வரும் என்று நம்பி நம்மைப் படிக்க அனுப்பிய வீடுகள் இருக்கின்றன. ஆனால் 25 ரூபாய் சம்பளக்கார டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர் லைம்லைட் காலத்தில் தொடங்கி, கையால் சுற்றும் மெஷின், மின்சாரம், பேசும் படம், ஸ்டுடியோ என்று எல்லா மாற்றத்தையும் தாண்டி 30 வருஷத்துக்கு மேல் நின்றார் என்றால், அதற்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டும் இருக்க முடியாது. தடை வந்த இடத்தில் நிற்காமல் அதன் மூலத்தைத் தேடிப் போன குணம்தான் என்பது என் தாழ்மையான கருத்து.

அடுத்த முறை தியேட்டரில் சத்தம் மாறினால் விசில் அடித்துக் கத்துவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், பிராசஸர், சர்வர் என்று மனதுக்குள்ளேயே ஒவ்வொரு படியாகப் பின்னால் போய்ப் பாருங்கள். அந்த வழியில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக்காரர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நாமும் அவ்வழி நடப்போம், நம் கைத்தொழிலால் நம் வீட்டுக்கும் ஊருக்கும் பெயர் சேர்ப்போம்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு, ஆரணி